எண்ணெயா, மணலா? தில்லியில் மூட்டுவலிக்கு ஆயுர்வேத சிகிச்சை: முழு வழிகாட்டி

அம்மா கும்பகோணத்திலிருந்து மயூர் விஹாருக்கு எங்களோடு இருக்க வந்த முதல் குளிர்காலத்திலேயே முட்டி பிடித்துக்கொண்டது. காலையில் கட்டிலை விட்டு எழுந்து பத்தடி நடப்பதற்குள் சுவரைப் பிடித்துக்கொள்வார். பக்கத்து பிளாக்கில் இருக்கும் மாமிக்கும் அதே சமயத்தில் விரல் மூட்டுகள் வீங்கியிருந்தன. இருவரும் சேர்ந்து ஒரு மசாஜ் நிலையத்துக்குப் போனார்கள். ஒரே எண்ணெய், ஒரே ஏழு நாள். அம்மா நன்றாக நடக்க ஆரம்பித்தார். மாமிக்கோ ஐந்தாம் நாளில் மணிக்கட்டும் சேர்ந்து வீங்கி, டம்ளரைத் தூக்க முடியாமல் போனது.

அங்கே இருந்தவர்கள் யாரும் மாமியின் விரலைத் தொட்டுப் பார்த்து, சூடாக இருக்கிறதா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் எண்ணெயை எடுத்திருக்க மாட்டார்கள். தேய்ந்து வறண்ட மூட்டுக்கு எண்ணெய், வீங்கிக் கனத்த மூட்டுக்கு முதலில் எண்ணெயில்லாத வறண்ட சூடு என்று ஆயுர்வேதம் தெளிவாகவே பிரித்து வைத்திருக்கிறது. நோய் எது என்று தெரிந்துகொள்ளாமல் தைலப் புட்டியைத் திறப்பதில்தான் பாதிப் பேருக்குச் சிக்கல் வருகிறது. இந்த வழிகாட்டியில் மற்ற எல்லாமே அந்தப் பிரிவைச் சுற்றித்தான் வரும்.

முதல் படி: உங்கள் மூட்டு எந்த வகை?

ஒரு வாரம் காலையில் எழுந்ததும் நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். எந்த மூட்டு, எத்தனை நிமிடம் விறைப்பு, தொட்டால் சூடு உண்டா, வீக்கம் உண்டா.

விறைப்பு அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடுகிறது, நடந்தால், படியேறினால் வலிக்கிறது, உட்கார்ந்தால் குறைகிறது, மடக்கும்போது கடகடவென்று சத்தம் வருகிறது என்றால் பெரும்பாலும் தேய்மானம். ஆயுர்வேதத்தில் இதற்குச் சந்திகத வாதம் என்று பெயர். அம்மாவுக்கு இதுதான்.

விறைப்பு ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீடிக்கிறது, இரண்டு கையிலும் ஒரே மாதிரி விரல் கணுக்கள், மணிக்கட்டு வீங்குகின்றன, அசைத்தால் கொஞ்சம் இளகுகிறது, கூடவே அசதி, பசியின்மை என்றால் முடக்கு வாதமாக இருக்கலாம். ஆயுர்வேதம் சொல்லும் ஆமவாதம் இதற்கு மிக நெருக்கமானது. ஆமம் என்றால் சரியாகச் செரிக்காமல் உடம்பில் தங்கிய ஒட்டும் தன்மையுள்ள கழிவு என்று பொருள். மாமிக்கு இதுதான் இருந்தது. தெரிய வந்தபோது நான்கு மாதம் ஓடிவிட்டது.

நடுராத்திரியில் கால் கட்டைவிரல் அடி திடீரென்று சிவந்து, போர்வை பட்டால்கூடத் தாங்காத வலி வந்தால் யூரிக் அமிலத்தைச் சந்தேகிக்க வேண்டும். இதை ஆயுர்வேதத்தில் வாதரக்தத்தோடு சேர்த்துப் பார்ப்பார்கள்.

தில்லிக்காரர்களுக்கு இன்னொன்றும் உண்டு. சிக்குன்குனியா. 2016-இல் இங்கே பெரிய அளவில் பரவியது. காய்ச்சல் போன பிறகும் மாதக்கணக்கில் மூட்டுவலி நின்றவர்களை எங்கள் குடியிருப்பிலேயே பார்த்தேன். கொஞ்ச நாள் முன்னால் காய்ச்சல் வந்திருந்தால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

ஒரே ஒரு மூட்டு திடீரென்று வீங்கிச் சிவந்து, காய்ச்சலும் சேர்ந்தால் வைத்தியசாலை, கிழி (சூடாக்கிய மூலிகை மூட்டையால் ஒத்தடம்) எதையும் யோசிக்காமல் அன்றைக்கே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். மூட்டுக்குள் கிருமித்தொற்று என்றால் சில நாட்களிலேயே மூட்டு பாழாகிவிடும். கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தாலும் தேய்க்கவே கூடாது. இரத்தக் கட்டியாக இருக்கலாம்.

இரண்டாம் படி: பரிசோதனைகள்

ஆயுர்வேதத்துக்குத்தானே போகிறோம், ரத்தப் பரிசோதனை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல ஆயுர்வேத மருத்துவர் அவரே கேட்பார். அழற்சியைக் காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி, முடக்கு வாதத்தைக் கண்டறிய ஆர்ஏ ஃபாக்டர், ஆன்டி சிசிபி, அப்புறம் யூரிக் அமிலம், தைராய்டு, சர்க்கரை, வைட்டமின் டி. முட்டி என்றால் நின்றபடி எடுத்த எக்ஸ்ரே. படுத்தபடி எடுத்தால் மூட்டு இடைவெளி குறைந்திருப்பது சரியாகத் தெரியாது. கூடவே ஈரல், சிறுநீரகச் செயல்பாட்டுப் பரிசோதனையும் எடுத்து வையுங்கள். உள்ளுக்கு மருந்து சாப்பிட ஆரம்பித்த பிறகு ஒப்பிட அது தேவைப்படும்.

முடக்கு வாதம் என்று உறுதியானால் ரூமட்டாலஜிஸ்டை, அதாவது மூட்டு வாத நிபுணரைப் பார்ப்பதைத் தள்ளிப் போடாதீர்கள். முதல் சில மாதங்களில் நோயை அடக்கினால்தான் எலும்பு அரிப்பு தடுக்கப்படும். அதற்கு எழுதித் தரும் மெத்தோட்ரெக்சேட் போன்ற அலோபதி மருந்துகளை யார் சொன்னாலும் நீங்களாக நிறுத்தக் கூடாது. கோயம்புத்தூரில் 43 முடக்கு வாத நோயாளிகளிடம் 36 வாரம் நடந்து 2011-இல் வெளியான ஆய்வில், ஆயுர்வேதம் மட்டும், மெத்தோட்ரெக்சேட் மட்டும், இரண்டும் சேர்த்து என்று மூன்று பிரிவாகப் பார்த்தார்கள். பலன் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தது. நம்பிக்கை தரும் முடிவுதான், ஆனால் 43 பேரை வைத்து நடப்பு மருந்தைத் தூக்கி எறிய முடியாது.

தேய்மானத்துக்கு ஆதாரம் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது. பெர்லினில் 151 பேருக்கு நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், 12 வாரம் ஆயுர்வேத சிகிச்சை எடுத்த முட்டிகள் வழக்கமான சிகிச்சை எடுத்தவற்றைவிட நன்றாகத் தேறின. எண்ணெய் சிகிச்சை, உணவு, பயிற்சி எல்லாம் சேர்ந்த சிகிச்சை அது. அதில் எது எவ்வளவு உதவியது என்று பிரிக்க முடியாது. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை, ஆயுர்வேதம் எப்போதுமே இவற்றைச் சேர்த்துத்தான் தருகிறது.

மூன்றாம் படி: தில்லியில் எங்கே போவது?

சரிதா விஹாரில் ஆயுஷ் அமைச்சகத்தின் அகில இந்திய ஆயுர்வேத நிறுவனம் இருக்கிறது. 2017 அக்டோபர் 17 அன்று திறக்கப்பட்டது. வயலட் வழித்தடத்தில் சரிதா விஹார் மெட்ரோவில் இறங்கலாம். முட்டிவலிக்காரர்கள் அங்கிருந்து ஆட்டோ பிடிப்பதே நல்லது. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய் டோக்கன் எடுங்கள். கரோல் பாக்கில் திப்பியா கல்லூரி மருத்துவமனை. ஹக்கீம் அஜ்மல் கான் தொடங்கி, 1921-இல் காந்தி திறந்து வைத்த இடம். யுனானியும் ஆயுர்வேதமும் ஒரே வளாகத்தில். மத்திய அரசு ஊழியர்களுக்கும் ஓய்வூதியர்களுக்கும் லோதி ரோட்டில் சிஜிஎச்எஸ் (மத்திய அரசு சுகாதாரத் திட்டம்) ஆயுர்வேத மருத்துவமனை உண்டு. ஆர்.கே.புரத்திலும் முனிர்க்காவிலும் இருக்கும் நம்மவர்களில் பலருக்குக் கையில் அட்டை இருந்தும் இது தெரிவதில்லை. கிழக்கு தில்லியில் கட்கட்டூமாவில் கோட்டக்கல் ஆர்ய வைத்திய சாலையின் மருத்துவமனை இருக்கிறது, உடம்பில் எண்ணெய் பிழிந்துவிடும் கேரள முறைப் பிழிச்சிலும் கிழியும் அங்கே செய்கிறார்கள். சித்த மருத்துவம்தான் வேண்டும் என்பவர்கள் சஃப்தர்ஜங் மருத்துவமனையில் உள்ள சித்த ஆராய்ச்சிப் பிரிவைக் கேட்டுப் பார்க்கலாம்.

தனியார் இடம் என்றால் நான்கு கேள்வி கேளுங்கள். மருத்துவர் ஆயுர்வேதப் பட்டப்படிப்பான பிஏஎம்எஸ் படித்தவரா? ஆயுர்வேத மருத்துவர்களைப் பதிவு செய்யும் தில்லி பாரதிய சிகித்ஸா பரிஷத்தில் அவர் பதிவு எண் என்ன? முதல் நாள் என்னைப் பரிசோதிக்கப் போவது மருத்துவரா, மசாஜ் செய்பவரா? ஒரு நாள் கட்டணத்தில் தைலமும் மருந்தும் அடக்கமா? மூன்றாவது கேள்விக்கு மழுப்பினால் அங்கே படுக்காதீர்கள்.

காப்பீடு இருந்தால் பாலிசியை எடுத்துப் பாருங்கள். 2024 ஏப்ரல் 1 முதல் ஆயுஷ் சிகிச்சையையும் மற்ற சிகிச்சைகளுக்கு இணையாக நடத்த வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் சொல்லியிருக்கிறது. ஆனால் சாதாரணமாக உள்நோயாளியாகச் சேர்ந்தால்தான் பணம் வரும். தினமும் போய் வரும் சிகிச்சைக்குக் கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: தேய்ந்த மூட்டுக்கு எண்ணெய்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகலாம், வீட்டிலேயே அதிகம் செய்யக்கூடியது இதுதான்.

மருத்துவமனையில் முட்டிக்கு முக்கியமாகச் செய்வது ஜானு பஸ்தி. உளுந்து மாவைக் கெட்டியாகப் பிசைந்து முட்டியைச் சுற்றி வளையம் கட்டி, அதற்குள் வெதுவெதுப்பான தைலத்தை ஊற்றி அரை மணி நேரம் வைத்திருப்பார்கள். ஆறினால் பஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டுச் சூடானதை ஊற்றுவார்கள். ஏழு அல்லது பதினான்கு நாள். அப்புறம் இலைக்கிழி, ஞவரை அரிசியைப் பாலில் வேகவைத்துக் கட்டிய ஞவரக்கிழி, உடம்பு முழுக்க எண்ணெய் பிழிந்துவிடும் பிழிச்சில். வாதத்துக்கு முதல் சிகிச்சை என்று ஆயுர்வேதம் மதிப்பது பஸ்தி, அதாவது ஆசனவாய் வழியாகத் தைலமோ கஷாயமோ செலுத்துவது. இதை மருத்துவமனையில் மட்டும்தான் செய்ய வேண்டும்.

வீட்டில் செய்ய அம்மாவுக்கு நான் பழக்கிக்கொண்ட முறை இது. முழுக்கவே சாப்பிடாமலும் வேண்டாம், சாப்பிட்ட உடனேயும் வேண்டாம். காலைப் பலகாரம் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் போகட்டும். ஜன்னலைச் சாத்துங்கள். கிண்ணத்தில் நான்கைந்து ஸ்பூன் தைலத்தை எடுத்து, அதை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடாக்குங்கள். நேராக அடுப்பில் வைக்க வேண்டாம். உள் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், இதமாக இருக்க வேண்டும். தொடையின் நடுவிலிருந்து ஆரம்பித்து, முட்டிச் சில்லைச் சுற்றி வட்டமாக, பின் கணுக்கால் பக்கம் நீளமாக. பதினைந்து நிமிடம் போதும். அழுத்தித் தேய்த்தால்தான் வேலை செய்யும் என்று நினைப்பவர்கள் அதிகம். நீவுவதில்தான் பலன் இருக்கிறது. முட்டிச் சில்லை அழுத்திக் கசக்கினால் வலி கூடும்.

எந்தத் தைலம்? வறட்சி அதிகமான வயதானவர்களுக்குத் தன்வந்தரம் தைலம் அல்லது மகாநாராயண தைலம் என்று மருத்துவர்கள் எழுதுவார்கள். குளிரில் கனத்தும் மரத்தும் போகிற மூட்டுக்குக் கொட்டம்சுக்காதி. எதுவும் கிடைக்காத நாளில் வீட்டு நல்லெண்ணெய் போதும். தில்லிக் கடைகளில் தில் கா தேல் என்று கேட்டு வாங்கினாலும் நம் ஊர் மரச்செக்கு வாசனை வராது. ஐஎன்ஏ மார்க்கெட்டில் தென்னிந்தியச் சாமான் விற்கும் கடைகளில் நல்லெண்ணெய் கேட்டுப் பாருங்கள். இங்கே எல்லோரும் தேய்க்கும் கடுகெண்ணெய் சூடு தரும், ஆனால் சிலருக்குத் தோல் சிவந்து அரிக்கும்.

எண்ணெய் தேய்த்த பிறகு இலைக்கிழி கொடுத்தால் பலன் இரட்டிப்பு. நொச்சி, ஆமணக்கு, முருங்கை இலைகளில் கிடைத்தவை எல்லாம் சேர்த்து நறுக்கி நான்கு கைப்பிடி. துருவிய தேங்காய் அரை மூடி, வட்டமாக நறுக்கிய எலுமிச்சை ஒன்று, இந்துப்பு ஒரு ஸ்பூன், மஞ்சள் அரை ஸ்பூன். இரண்டு ஸ்பூன் தைலத்தில் தேங்காய் சிவக்கும்வரை வதக்குங்கள். பழைய பருத்தி வேட்டித் துணியில் இரண்டு மூட்டையாக இறுகக் கட்டுங்கள். தோசைக்கல்லில் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஒன்றைச் சூடாக்கும்போது மற்றதை முட்டியில் ஒத்தி ஒத்தி எடுங்கள். இருபது நிமிடம். முருங்கை இந்த ஊர்ப் பூங்காக்களிலேயே நிற்கிறது, சஹ்ஜன் என்று கேட்டால் தோட்டக்காரர் காட்டுவார். ஆமணக்கு சாலையோரத்தில் தானாக முளைத்திருக்கும், புகை படியாத இடத்தில் பறித்துக் கழுவிக்கொள்ளுங்கள்.

சர்க்கரை நோயில் கால் மரத்துப்போனவர்கள் சூட்டை உணர மாட்டார்கள். அவர்களுக்குக் கிழியை எப்போதும் வேறொருவர்தான் தன் கையில் சூடு பார்த்து வைக்க வேண்டும். கொப்புளம் வந்து ஆறாமல் அவதிப்பட்ட ஒரு பெரியவரை நான் பார்த்திருக்கிறேன்.

முடிந்ததும் அரை மணி நேரம் போர்த்திக்கொண்டு படுத்திருக்கட்டும். பிறகு கீசர் வெந்நீரில் துடைத்துவிட்டு உலர்ந்த உள்ளாடையும் கம்பளி முட்டிக்கவசமும். அன்றைக்கு வெளியே போக வேண்டாம். அறையைச் சூடாக்க அங்கீட்டி (கரியடுப்பு) வைத்துக் கதவைச் சாத்தவே கூடாது. கரிப்புகையால் இந்த ஊரில் குளிர்காலத்தில் உயிர்கள் போகின்றன.

நீண்ட சிகிச்சைக்குத் தேதி குறிக்கிறவர்கள் ஜனவரியைத் தவிர்த்துவிடுங்கள் என்பது என் கருத்து. வெப்பநிலை 5 டிகிரிக்குக் கீழே போகும் காலையில் பிழிச்சில் முடித்து ஆட்டோவில் காற்று வாங்கிக்கொண்டு வீடு திரும்பினால் கிடைத்தது எல்லாம் போய்விடும். பிப்ரவரி கடைசி, மார்ச் அல்லது அக்டோபர் நல்லது. குளிர்காலத்திலேயே வேண்டும் என்றால் உள்நோயாளியாகச் சேர்ந்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: வீங்கிய மூட்டுக்கு மணல்

ஆமவாதத்தில் வரிசையே வேறு. முதலில் வயிற்றை லேசாக்குவது, பிறகு வறண்ட ஒத்தடம், கசப்பும் காரமும் உள்ள மருந்துகள், பேதி, அதெல்லாம் முடிந்து ஆமம் குறைந்த பிறகே எண்ணெய். மாமிக்குப் பின்னால் சரியான மருத்துவர் இந்த வரிசையில்தான் செய்தார், ரூமட்டாலஜிஸ்ட் எழுதிய மாத்திரையும் கூடவே நடந்தது.

மணல் ஒத்தடம் எளிது. சுத்தமான ஆற்று மணலைக் கழுவி வெயிலில் காயவைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கைப்பிடி மணலும் ஒரு கைப்பிடி கல்லுப்பும் இரும்புச் சட்டியில் வறுத்து, தடித்த பருத்தித் துணியில் கட்டுங்கள். எண்ணெய் ஒரு சொட்டுகூட வேண்டாம். பத்து நிமிடம் ஒத்தி எடுத்தால் போதும். மணல் கிடைக்காவிட்டால் கல்லுப்பும் ஓமமும். ஆனால் மூட்டு சிவந்து கொதிக்கிற உச்சத்தில் இதுவும் வேண்டாம். யூரிக் அமில வலி தாக்கும்போது சூடே கூடாது, ஐஸை மெல்லிய துணியில் சுற்றி வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

உள்ளுக்கு, இரவில் சுக்குக் கஷாயத்தோடு விளக்கெண்ணெய் கொடுப்பது ஆமவாதத்துக்குப் பெயர்பெற்ற முறை. அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் ஏற்கெனவே வயிற்றுப்போக்கு உள்ளவர்களுக்கும் கூடாது.

ஆறாம் படி: சாப்பாடு

உளுந்து நல்லதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். தேய்ந்து வறண்ட மூட்டுக்காரர் வாரம் இரண்டு நாள் உளுந்தங்களி சாப்பிடலாம், நல்லெண்ணெயும் கருப்பட்டியும் சேர்த்து. வீக்கம் உள்ளவருக்கு அதே உளுந்து கனம், புளித்த மாவும் ராத்திரித் தயிரும் சேர்ந்தால் மறுநாள் காலை விறைப்பு கூடுவதை மாமி தன் நோட்டில் குறித்து வைத்திருந்தார். அவருக்கு ஒத்துவந்தவை கொள்ளு ரசம், சூடான கஞ்சி, சுக்கு மல்லிக் காப்பி, மெந்தியக் கீரை. தில்லிக் குளிர்காலத்தில் மண்டியில் மேதி குவிந்து கிடக்கும். யூரிக் அமிலக்காரர்கள் பீர், ஈரல், குடல் வகைகளை விட்டுவிட வேண்டும்.

எடை. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் முட்டியில் ஏறும் பாரம் ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது. எந்தத் தைலமும் இதற்கு ஈடாகாது. கூடவே தொடைத் தசைக்குப் பயிற்சி. காலை நீட்டி உட்கார்ந்து, முட்டியின் அடியில் சுருட்டிய துண்டை வைத்து அதைக் கீழே அழுத்தி, பத்து எண்ணும்வரை பிடித்து விடுங்கள். பத்துத் தடவை, காலையும் மாலையும். எண்ணெய் நீவி உடம்பு இளகிய பிறகு செய்தால் சுலபமாக வரும்.

ஏழாம் படி: உள்மருந்தில் ஜாக்கிரதை

யோகராஜ குக்குலு, சிம்மநாத குக்குலு, ராஸ்னாதி கஷாயங்கள் என்று மருந்துகள் நிறைய உண்டு. எல்லாமே மூலிகைதானே என்று சொந்தமாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். குக்குலு என்ற மரப்பிசினும் அஸ்வகந்தாவும் தைராய்டு மாத்திரையோடு மோதலாம். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் குக்குலு பற்றி இதய மருத்துவரிடமும் கேட்க வேண்டும். சீந்தில் சாப்பிட்டு ஈரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி 2021-இல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். 2004-இல் அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்ததில் 14-இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் போன்றவை இருந்தன. ரஸம், பஸ்மம், சிந்தூரம் என்று பெயரில் வருகிற மருந்துகளை ஆயுர்வேத மருத்துவர் எழுதிக் கொடுத்து, அவர் கண்காணிப்பில் மட்டுமே சாப்பிட வேண்டும்.

லேபிளில் உற்பத்தி உரிம எண், தொகுதி எண், காலாவதித் தேதி, சேர்மானப் பட்டியல் இருக்கிறதா என்று பாருங்கள். காகிதப் பொட்டலத்தில் வரும் பெயரில்லாத பொடி இரண்டே நாளில் வலியை வேரோடு பிடுங்கியது என்று யாராவது சொன்னால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். முகம் உப்புவது, சர்க்கரை ஏறுவது, எளிதில் தோல் கன்றிப்போவது இதன் அடையாளங்கள். மாதக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, பொட்டலத்தோடு மருத்துவரிடம் போங்கள். பழைய தில்லியின் மசாலாச் சந்தையான காரி பாவ்லியில் மூட்டை மூட்டையாக மூலிகை விற்கும், வாசனைக்கு மனசு இழுக்கும். சுக்கு, மிளகு வாங்குங்கள், மருந்துச் சரக்கு வேண்டாம்.

எட்டாம் படி: பலன் இருக்கிறதா?

வலிக்குப் பூஜ்யத்திலிருந்து பத்து வரை மதிப்பெண், காலை விறைப்பு எத்தனை நிமிடம், ஒரு மாடி ஏற எவ்வளவு நேரம், வாரத்தில் எத்தனை வலி மாத்திரை. இந்த நான்கையும் ஞாயிறுதோறும் எழுதுங்கள். ஆறு வாரம் கழித்துத் தேய்மானக்காரரின் கணக்கில் எதுவுமே அசையவில்லை என்றால் மருத்துவரிடம் அதைக் காட்டி முறையை மாற்றச் சொல்லுங்கள். உள்மருந்து சாப்பிடுகிறவர்கள் அதே சமயத்தில் ஈரல், சிறுநீரகப் பரிசோதனையை மறுபடி எடுக்க வேண்டும். முடக்கு வாதம் உள்ளவர்கள் வலி குறைந்ததை மட்டும் நம்ப வேண்டாம். வலி அடங்கியபடியே உள்ளே அழற்சி நடந்துகொண்டிருக்கலாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஈஎஸ்ஆரும் சிஆர்பியும் பாருங்கள்.

அம்மாவின் நோட்டில் முதல் ஞாயிறு ஏழு என்றிருந்தது, ஆறாவது ஞாயிறு மூன்று. மாமி மணல் ஒத்தடத்தில் தொடங்கி மூன்றாம் மாதத்தில்தான் எண்ணெய்க்கு வந்தார். முதல் நாள் அவர் மருத்துவர் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, சூடு இல்லை என்று உறுதி செய்த பிறகே தைலக் கிண்ணத்தை எடுத்தார்.